வேல்மயில் விற்ற வழி

வேல்மயில் தன் வீட்டுக்குப் போகிற வழியை விற்றுவிட்டான். தெரிந்து விற்கவில்லை. ஒரே நாளில் விற்கவும் இல்லை. சீட்டாக, பெல்லாக, ஹேண்டில்பாராக, முன்சக்கரமாக, தன் பழைய சைக்கிளிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி விற்று, அந்த இடத்தில் புதுசு மாட்டிக்கொண்டான். கடைசியாக முன்சக்கரம் கைமாறிய அன்று சாயந்தரம், மில்லுச் சங்கு ஊதியதும் கிளம்பி, பாலம் ஏறி, பாலம் இறங்கி, சட்டை முதுகோடு ஒட்ட மிதித்து, வீடு வந்திருக்கும் என்று தலையை நிமிர்த்தினால் எதிரே நின்றது மில்லு வாசல்.

வாட்ச்மேன் கேட்டார், "என்ன வேல்மயில், எதையும் மறந்துட்டயா?"

"இல்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்ப மிதித்தான். திரும்பவும் மில்லு வாசல். மூன்றாம் தடவை வாட்ச்மேன் ஒன்றும் கேட்கவில்லை. உட்காருவதற்கு ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டார்.

எப்படி இந்தக் கதிக்கு வந்தான் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஊர் மேற்கே, நூல் மில் கிழக்கே, நடுவில் ரயில் தண்டவாளம், அதன் மேல் பாலம். கல்யாணமான வருஷம் வாங்கிய சைக்கிளில் அந்தப் பாலத்தை ஏறி இறங்கி வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தான். பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, வேலை கிடைத்து வேறு ஊர்களுக்குப் போன பிறகும் அதே சைக்கிள், அதே பாலம். காரியரில் எப்போதும் ஓர் ஆள் இருக்கும். அடுத்த தெருக்காரன், அதே மில், அதே ஷிப்ட். சைக்கிள் ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் மாட்டான். காலையில் வீட்டு வாசலுக்கு வந்து நிற்பவனிடம் வேல்மயில் "ஏறு" என்பான், அவன் ஏறுவான். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு தேவைப்பட்டதில்லை. ஏறினால் எல்லாரையும் போல முன்பக்கம் பார்த்து உட்கார மாட்டான். வேல்மயிலின் முதுகோடு தன் முதுகை ஒட்டி, தூக்குச்சட்டியை மடியில் வைத்து, காலைத் தொங்கப்போட்டு, வந்த வழியைப் பார்த்தபடியே வருவான். ஏன் என்று கேட்டால், "முன்னாடி பாத்தா உன் முதுகுதான் தெரியும். அதுல என்ன சினிமாவா ஓடுது?" என்பான்.

அவனுக்குப் பெயர் உண்டு. சண்டைக்குப் பிறகு வேல்மயில் அந்தப் பெயரை வாயில் எடுப்பதில்லை. அவன் எடுக்கிற வரை இங்கேயும் வேண்டாம்.

சண்டை பாலத்தில் வந்தது. வழக்கமாகப் பாலத்தடியில் அவன் குதித்து இறங்கி, காரியரில் ஒரு கையை வைத்து நடந்து வருவான். அன்றைக்கு வேல்மயிலுக்கு மூச்சு வாங்கியது, கால் ஓய்ந்தது, சைக்கிள் பின்னால் சரியப் பார்த்தது. அவன் பேசாமல் தள்ளினான். மிதிக்காமலே வேல்மயில் ராஜா மாதிரி பாலம் ஏறிக்கொண்டிருந்ததை, மோட்டார் சைக்கிளில் வந்த வைண்டிங் செக்‌ஷன் பையன்கள் பார்த்துவிட்டார்கள். "பெரியவரைத் தள்ளிக்கிட்டுப் போறாங்கடா, வழிய விடுங்கடா!" என்று ஒருவன் ஹாரன் அடிக்க, அன்று முழுக்க மில்லில் அதுதான் பேச்சு.

சாயந்தரம் கிளம்பும்போது வேல்மயில் சொன்னான்: "இனிமே என் சைக்கிள்ல கைய வைக்காத."

"கைய எடுத்தா நீ பின்னாடி உருண்டுல்ல வருவ."

உண்மைதான். அதனால்தான் பொறுக்க முடியவில்லை. வேல்மயில் அவனை அங்கேயே விட்டுவிட்டு நேராகப் பால்பாண்டி சைக்கிள் கடைக்குப் போய்க் காரியரைக் கழற்றச் சொன்னான்.

"எதுக்கு அண்ணாச்சி? கல்லு மாதிரி இருக்கு."

"டபுள்ஸ் கேக்குறவனுக்கு உக்கார இடம் இருக்கக் கூடாது. கழட்டு."

இந்த ஊரில் எவன் மேல் கோபம் வந்தாலும் இதைத்தான் செய்வார்கள். பேச்சை நிறுத்த மாட்டார்கள், காரியரைக் கழற்றுவார்கள். கோபம் தீர்ந்தால் திரும்ப மாட்டிக்கொள்வார்கள். வேல்மயில் அதோடு நின்றிருக்க வேண்டும். காரியர் போன பிறகு சைக்கிள் மொட்டையாக நின்றது. மொட்டையாக நின்றதில் சீட்டின் வெடிப்பு கண்ணில் பட்டது, ஹேண்டில்பாரின் துரு கண்ணில் பட்டது, பெல்லின் கிழட்டுக் குரல் காதில் பட்டது. பால்பாண்டி வாயைத் திறந்தான். "கியர் போட்டுருவோம் அண்ணாச்சி. அலாய் சக்கரம் மாட்டுனா பூ மாதிரி ஏறும். பழசு எதையும் வீசாதீங்க, நான் வித்துத் தாரேன். இந்தக் காலத்து இரும்பா இது?" யாரும் தள்ளாமல் பாலம் ஏற வேண்டும், வைண்டிங் பையன்களின் மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் ஏற வேண்டும் என்ற ஒரே வெறியில் வேல்மயில் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

முதலில் சீட்டு போனது, பால்காரர் உலகநாதனுக்கு. அன்று சாயந்தரம் வீட்டுக்குப் போகையில் மாவுமில் சந்தைக் காணவில்லை. சந்து இருந்த இடத்தில் சுண்ணாம்பு அடித்த சுவர், அதுவும் பாசி பிடித்த பழைய சுவர். தினமும் நுழைகிற சந்தாயிற்றே என்று தடவிப் பார்த்தான், விரலில் சுண்ணாம்பு ஒட்டியது. வேலை அலுப்பு, கண் மயக்கம் என்று சுற்றிப் போனான். அடுத்து பெல், சத்துணவு லூர்துமேரிக்கு. வாய்க்கால் பாலம் காணாமல் போனது, வாய்க்காலையே காணோம். அடுத்து ஹேண்டில்பார், உப்பு விற்கிற உதுமானுக்கு. பெட்ரோல் பங்கில் இடது பக்கம் திரும்ப வேண்டும், அங்கே இடது பக்கமே இல்லை. ஒவ்வொரு நாளும் சுற்று கூடியது, வீடு சேர்கிறபோது சோறு ஆறியிருந்தது. சண்முகக்கனியிடம் அவன் சொல்லவில்லை. புது சைக்கிள் பூ மாதிரி பாலம் ஏறுகிறது என்று மட்டும் சொன்னான். அது பொய்யில்லை. பாலம் நன்றாகத்தான் ஏறினான், பாலத்துக்கு அப்புறம்தான் ஊர் சுருங்கிக்கொண்டு வந்தது.

கடைசியாக முன்சக்கரம், கேஸ் சிலிண்டர் போடுகிற அய்யனாருக்கு. அதற்கப்புறம் நடந்ததுதான் முதலில் சொன்னது.

வழி எங்கும் தொலைந்துவிடவில்லை. வாங்கியவர்களிடம் பத்திரமாக இருந்தது. சாயந்தரம் மில்லுச் சங்கு ஊதியவுடன் உலகநாதனின் சைக்கிள், பால் ஊற்றவேண்டிய வீடுகளையெல்லாம் விட்டுவிட்டு, வாய்க்கால் பாலம் தாண்டி, மாவுமில் சந்தில் நுழைந்து, வேல்மயிலின் தெருவுக்கு வந்து, அவன் வீட்டுக்கு நாலு வீடு முன்னால் இருக்கிற கரண்டுக் கம்பத்தடியில் நின்றது. அங்குலம் கூட அதற்கு மேல் நகரவில்லை. பின்னாலேயே லூர்துமேரி, மடியில் முட்டைக் கூடையோடு. அதற்குப் பின்னால் உதுமான், உப்பு மூட்டையோடு. கடைசியில் அய்யனார், சிலிண்டர் இரண்டும் மோதி மணி அடித்தாற்போலச் சத்தம் போட. நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சண்முகக்கனி வாசலில் நின்று பார்த்தாள். அழவில்லை, அலறவில்லை, சாமி வரவழைத்துக்கொள்ளவும் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நிக்கிறீங்களே, டீ போடட்டா?" என்றாள்.

"பால் என்கிட்டயே இருக்கு மதினி" என்றார் உலகநாதன்.

தெருவும் அப்படியே பழகிக்கொண்டது. சாயந்தரமானால் பால்காரர் கம்பத்தடிக்கு வந்துவிடுவார் என்று தெரிந்ததும் ஆட்கள் சொம்போடு அங்கே வந்தார்கள். பாலுக்கு வந்தவர்கள் உப்பு வாங்கினார்கள். உப்பு வாங்கியவர்கள் சிலிண்டருக்குச் சொல்லிவைத்தார்கள். எதிர்வீட்டுக்காரர் பஜ்ஜிச் சட்டியை வாசலுக்குக் கொண்டுவந்தார். கவுன்சிலர் சிமெண்டு பெஞ்சு போட்டு அதில் வேல்மயிலின் பெயரை எழுதாமல் தன் பெயரை எழுதினார். கூட்டம் சேர்கிறதென்று டவுன் பஸ் நிற்க ஆரம்பித்தது, நிற்கிற இடத்துக்குப் பெயர் வேண்டுமே, கண்டக்டர்கள் "வேல்மயில் வீடு" என்று வைத்துவிட்டார்கள். வேல்மயில் எங்கே என்று ஆரம்பத்தில் கேட்டார்கள். "மில்லுல இருக்காரு, வழி விட்டுப்போச்சு" என்பாள். "அய்யோ பாவம்" என்பார்கள். பஜ்ஜி ஆறுவதற்குள் வேறு பேச்சு வந்துவிடும்.

மில்லும் பழகிக்கொண்டது. சூப்பர்வைசர், "வீடு கிடைக்கலயா? சரி, அடுத்த ஷிப்டையும் பாத்துரு" என்றார். பஞ்சுக் கிட்டங்கி ஓரத்தில் படுக்கச் சாக்கு விரித்துக் கொடுத்தார்கள், லுங்கி காயப்போடக் கயிறு கட்டிக் கொடுத்தார்கள், சங்கத்துக்காரர் வழியிழந்த தொழிலாளிக்குத் தனிப் படி கேட்டுக் கோரிக்கை வைக்கலாம் என்றார். பின்னால் உட்கார்ந்து வருகிறவன் இரண்டு மெஷின் தள்ளி நின்று வேலை பார்த்தான். சாயந்தரம் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு, அலுங்காமல் குலுங்காமல், நடந்தே வீட்டுக்குப் போனான். அவன் போவதை வேல்மயில் பார்க்காத மாதிரி பார்ப்பான்.

சும்மா இருந்துவிடவில்லை வேல்மயில். நடந்து பார்த்தான், அந்த ரோட்டில் கால் பதித்தே பழக்கமில்லாத பாதம், பாலம் இறங்கியதும் மில்லுக்கே கூட்டிக்கொண்டு வந்தது. ஆட்டோ பிடித்தான், "எந்தப் பக்கம்ணே?" என்று கேட்டு டிரைவர் திரும்பிய பக்கமெல்லாம் மில். டவுன் பஸ்ஸில் ஏறி, "வேல்மயில் வீடு ஒண்ணு" என்று தன் பெயரிலேயே டிக்கெட் வாங்கி, கண்டக்டர் "வேல்மயில் வீடெல்லாம் இறங்கு" என்று கூவியதும் முண்டியடித்து இறங்கினான். கூட இறங்கியவர்கள் கம்பத்தடிக்குப் போனார்கள். அவன் மில்லு வாசலில் நின்றான். வாட்ச்மேன் ஸ்டூலை நகர்த்தினார்.

ஒரு மத்தியானம் சண்முகக்கனியே சோறு எடுத்துக்கொண்டு வந்தாள். சாப்பிட வைத்து, வாயைத் துடைக்கச் சொல்லி, கையை இறுகப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். பாலம் ஏறினார்கள். இறங்குகிற சரிவில் அவள் கையில் தூக்குச்சட்டி மட்டும்தான் இருந்தது.

போனில் கேட்டாள்: "ஏங்க, நான் கைய விடலயே. எப்படி விட்டுச்சு?"

"நானும் விடல."

"நழுவுறது நீங்கதான். உங்க கை உங்களுக்குத் தெரியாமலா நழுவும்?"

பயம் அப்போதுதான் பிடித்தது. அதுவரை இருந்தது எரிச்சல். தினமும் சங்கு ஊதினதும் போன் போடுவான். முதல் வாரம் அவள், "எங்க இருக்கீங்க, சோறு ஆறுது" என்றாள். அப்புறம், "சாப்டீங்களா?" என்றாள். அப்புறம், "இருங்க, அய்யனார் அண்ணன் கூப்புடுறாரு" என்றாள். போனுக்குள் தம்ளர் சத்தம் கேட்டது, லூர்துமேரியின் சிரிப்பு கேட்டது, தன் பழைய பெல்லின் கிழட்டுக் குரல் கேட்டது. முன்பு சாயந்தரம் அவன் என்னென்ன கொண்டுவருவானோ அதையெல்லாம் நாலு பேர் கொண்டுவந்து சேர்த்தார்கள். பாலும் உப்பும் சிலிண்டரும். அவன் கொண்டுவராத தெருக்கதையையும் கொண்டுவந்தார்கள், ஏனென்றால் வீட்டில் வாயைத் திறந்து பேசுகிற ஆள் இல்லை அவன். பிறகு ஒருநாள் அவள் எதுவும் கேட்காமல், "பால் பொங்குது, வைக்கட்டா?" என்றாள். வைத்துவிட்டாள். எப்போது வருவீங்க என்று கேட்கவில்லை. முந்தின நாளும் கேட்கவில்லை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. பஞ்சு மூட்டை மேல் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கேட்பதை நிறுத்தினால் வீடும் நிறுத்திவிடும். வழி கிடைத்தாலும் போய்ச் சேர ஒன்றும் இருக்காது.

மில் லீவு நாளில் பால்பாண்டிக்கு ஆள் அனுப்பினான். பால்பாண்டி பையோடு வந்தான், கூடவே நாலு பேரும் சைக்கிளோடு வந்தார்கள். கொடுக்க மாட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. முகம்தான் ஒரு மாதிரி இருந்தது.

"எடுத்துக்கோங்க அண்ணாச்சி" என்றார் உதுமான், ஹேண்டில்பாரைத் தடவிக்கொண்டே. "என்ன, இது இல்லாட்டி எனக்கு அந்தத் தெருவுல என்ன சோலி? டீக்குன்னு வந்தாக் கூட ஒரு மாதிரியா இருக்கும்."

"இந்த அலாய் சக்கரம் சிலிண்டரத் தாங்குமா?" என்றான் அய்யனார்.

"தாங்காது" என்றான் பால்பாண்டி. "நீ தாங்கிக்கோ."

லூர்துமேரி பெல்லை ஒரு தடவை அடித்துப் பார்த்துவிட்டுக் கழற்றிக் கொடுத்தாள். "அக்கா நல்லாத்தான் இருக்காங்க. கவலப்படாதீங்க" என்றாள். அதைக் கேட்டு வேல்மயிலுக்குக் கவலை கூடியது.

மில்லு வாசலிலேயே ஓவராயிலிங் நடந்தது. புதுசெல்லாம் அவர்களுக்குப் போனது, பழசெல்லாம் திரும்பி வந்தது. பால்ரஸ் குண்டுகளை மண்ணெண்ணெயில் அலசி, கிரீஸ் வைத்து, சக்கரத்தைக் கோட்டம் எடுத்து, சீட்டை இறுக்கி, கையைத் துடைத்தான் பால்பாண்டி.

"காரியர் என்கிட்ட இல்ல அண்ணாச்சி. அன்னைக்கே அவரு வந்து கேட்டு வாங்கிட்டுப் போயிட்டாரு. சைக்கிளே இல்லாதவருக்கு எதுக்குன்னேன். உக்காரன்னாரு."

"காரியர் வேண்டாம்" என்றான் வேல்மயில். எல்லாம் போய், ஊரே கை நழுவிப் போய், அப்போதும் அப்படித்தான் சொன்னான். அந்த மண்டை அப்படி.

மறுநாள் சங்கு ஊதியது. மிதித்தான். பெட்ரோல் பங்கில் இடது பக்கம் இருந்தது. வாய்க்கால் இருந்தது, வாய்க்காலில் தண்ணீர்கூட இருந்தது. மாவுமில் சந்துக்குள் நுழைந்தபோது அரைத்த மிளகாய் நெடி மூக்கில் ஏறித் தும்மினான், தும்மிக்கொண்டே சிரித்தான், சிரித்துக்கொண்டே தெருவுக்குள் நுழைந்து, பெல் அடித்து, பஜ்ஜிக் கூட்டத்தை விலக்கி, கரண்டுக் கம்பத்தைத் தொட்டான். நாலு வீடு தள்ளி அவன் வீடு. வாசலில் சண்முகக்கனி.

மிதித்தான். சக்கரம் சுற்றியது, செயின் ஓடியது, தார்ரோடு சக்கரத்துக்கு அடியில் போய்க்கொண்டே இருந்தது. வீடு வரவில்லை. எழுந்து நின்று மிதித்தான். கம்பம் பக்கத்திலேயே நின்றது. இறங்கி ஓடினான், கம்பம் கூடவே ஓடி வந்தாற்போல் தோளுக்குப் பக்கத்திலேயே இருந்தது. சண்முகக்கனி அவனை நோக்கி நடந்து வந்தாள். அவன் சட்டையைத் தொட்டாள், வேர்வையை முந்தானையால் துடைத்தாள், "வாங்க" என்று திரும்பி நடந்தாள். வாசலில் போய் நின்று திரும்பிப் பார்த்தபோது அவன் கம்பத்தடியிலேயே கால் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தான்.

பெஞ்சிலிருந்து யோசனைகள் வந்தன. செயினுக்கு எண்ணெய் போதாது என்றார் ஒருவர். கண்ணை மூடிக்கொண்டு மிதிக்கச் சொன்னார் ஒருவர். ராத்திரி மில்லுக்கே திரும்பிப் போய், மறுநாளும் வந்தான், கம்பம் வரை, அதற்கடுத்த நாளும். தெரு இதற்கும் பழகிவிட்டது. சாயந்தரமானால் பால், பஜ்ஜி, கம்பத்தடியில் நின்ற இடத்திலேயே மிதிக்கிற வேல்மயில். பிள்ளைக்குச் சோறூட்டுகிறவர்கள் அவனைக் காட்டி ஊட்டினார்கள். அவனுக்கு மட்டும் ஒன்று பழகவில்லை: வாசல் சிறுத்துக்கொண்டு வந்தது. முதல் நாள் அவள் மூக்குத்தி தெரிந்தது. அடுத்து முகம் மட்டும். அடுத்து சேலை நிறம். நாலு வீடு தூரம் நாலு வீடாகவே இருக்க, அவன் வாசல் மட்டும் யாரோ உள்ளேயிருந்து இழுக்கிற மாதிரி போய்க்கொண்டிருந்தது. மற்றவர்களிடம் கேட்டான், "வாசல் சின்னதாத் தெரியுதா?" "இல்லயே, அப்படியேதான இருக்கு" என்றார்கள். கண்ணை மூடி, வாசலையாவது மனசில் பிடித்து வைத்துக்கொள்வோம் என்று பார்த்தான். கதவு என்ன நிறம், நிலையில் என்ன ஒட்டியிருக்கும், அவள் எந்தத் தூணில் சாய்ந்து நிற்பாள்? ஒன்றும் வரவில்லை. காலையில் கிளம்பினால் திரும்பிப் பார்த்தவனில்லை. சாயந்தரம் கம்பம் வந்ததும் இறங்கி, தலையைக் கீழே போட்டு, உருட்டிக்கொண்டு நுழைந்தவன். இத்தனை வருஷத்தில் அவன் கண் தன் வாசலை ஒருநாளும் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. மிதிப்பதை நிறுத்தினால் வாசல் ஒரேயடியாகப் போய்விடும் போலிருந்தது. மிதித்தான்.

"உனக்கு அது தெரியாது" என்று ஒரு குரல்.

கூட்டத்தின் ஓரத்தில், தரையில் போட்ட பழைய காரியர் மேல் உட்கார்ந்து, கடலையை உடைத்துத் தின்றுகொண்டிருந்தான், பின்னால் உட்கார்ந்து வருகிறவன். எத்தனை நாளாக அங்கே உட்கார்ந்திருக்கிறானோ. வேல்மயில் திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

"என்ன தெரியாது?"

"உன் வாசல். நீ பாத்ததே இல்ல. காலையில நீ ரோட்டப் பாத்துக்கிட்டு வருவ. நான்தான் வாசலப் பாத்துக்கிட்டே வருவேன். கம்பத்துக்கு அந்தாண்ட இருக்குற வழி காரியர்லதான் இருக்கு."

"தெரிஞ்சும் இத்தன நாளா கடல தின்னுக்கிட்டு இருந்தயாக்கும்?"

"கைய வைக்காதன்னு சொன்னது யாரு?"

பஜ்ஜிச் சட்டி சொய்யென்று கொதித்தது. வேல்மயில் வாசலைப் பார்த்தான். தீப்பெட்டி அளவுக்கு இருந்தது, அதற்குள் அவள் ஒரு குச்சியாக நின்றாள். பாலமும் ஹாரனும் மில் முழுக்கச் சிரித்த சிரிப்பும் ஞாபகத்துக்கு வந்தன. மிதிப்பதை நிறுத்தினான்.

"ஏறு" என்றான்.

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவன் காத்திருந்தான் போல. கடலைத்தோலை உதறிவிட்டு எழுந்தான். பால்பாண்டி பஜ்ஜியை வாயில் கவ்விக்கொண்டே ஓடிவந்து காரியரை வைத்து இரண்டு நட்டை முறுக்கினான். பின்னால் உட்கார்ந்து வருகிறவன் ஏறி, முதுகோடு முதுகை ஒட்டினான். சைக்கிள் இலேசாக அழுந்தியது. அந்த அழுத்தத்தை இடுப்பு ஞாபகம் வைத்திருந்தது.

வேல்மயில் பெடலில் கால் வைத்தான்.

"நில்லு. சைக்கிளத் திருப்பு."

"வீடு இந்தப் பக்கம்ல இருக்கு."

"எனக்குத் தெரியாதா? நீ மில்லப் பாத்து உக்காரு. நான் வீட்டப் பாக்குறேன். காலக் கீழ ஊனாத. ஹேண்டில மட்டும் நேராப் பிடி. திரும்பிப் பாத்த, அவ்வளவுதான்."

திருப்பினான். இப்போது வேல்மயிலுக்கு எதிரே தெருமுனை, பெஞ்சு, சொம்போடு நிற்கிற கூட்டம். முதுகுக்குப் பின்னால் வீடு. பின்னாலிருப்பவன் இரண்டு காலையும் தரையில் ஊன்றி இழுத்தான். சைக்கிள் பின்பக்கமாக நகர்ந்தது. தெரு முழுக்கப் பார்க்க, வைண்டிங் பையன்கள் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து பார்க்க, வேல்மயில் பின்னோக்கி இழுக்கப்பட்டான். காது சுட்டது. ஹேண்டிலை நேராகப் பிடித்துக்கொண்டான். கரண்டுக் கம்பம் தோளை விட்டு முன்னால் போனது. நகர்கிறது. எதிரே, தன்னை விட்டு விலகிப் போகிறது.

"கதவு பச்சை" என்றது முதுகுக்குப் பின்னாலிருந்து குரல், மூச்சு வாங்க. "போன பொங்கலுக்கு மதினி அடிச்சது. நீ கவனிச்சிருக்க மாட்ட. நிலையில மாவிலை காஞ்சு கிடக்கு. இடது தூணுல சாஞ்சுதான் நிப்பாங்க. தெனமும் நாம முக்கு திரும்புறவரைக்கும் நிப்பாங்க. மழைன்னாலும் நிப்பாங்க. கை தூக்க மாட்டாங்க, விரல மட்டும் ஆட்டுவாங்க. நீ பாக்க மாட்டேன்னு தெரியும், எனக்கும் இல்ல அது. சும்மா ஆட்டுவாங்க."

முதல் வீடு இரண்டு பக்கமும் கடந்து முன்னால் போனது. இரண்டாவது வீட்டின் வேப்பமரம். சக்கரம் பின்பக்கமாகச் சுற்ற, ஃப்ரீவீல் சிக்கிப் பெடல் தானாகத் திரும்பி அவன் கெண்டைக்காலில் இடித்தது. வலித்தது. வலிக்கட்டும் என்று விட்டான். திரும்பிப் பார்க்கவேண்டும் என்று கழுத்து நரம்பு துடித்தது. பார்க்கவில்லை.

"இப்ப என்ன செய்றா?" என்று கேட்டான்.

"நிக்கிறாங்க. கையில சொம்பு இருக்கு. கோவமா இருக்காங்க." கொஞ்சம் இழுத்தான். "விரல ஆட்டுறாங்க."

மூன்றாவது வீடு. நாய் ஒன்று சைக்கிள் பின்பக்கமாக வருவதைப் பார்த்துக் குழம்பி, குரைக்காமல் படுத்துக்கொண்டது. அப்புறம் நிழல் மாறியது, தாழ்வாரத்து ஓட்டு நிழல். பின்சக்கரம் எதிலோ மோதி நின்றது. வாசற்படி. படியில் மோதிய அதிர்ச்சி சக்கரம், சீட்டு, முதுகெலும்பு வழியாக ஏறி அவன் பல்லில் வந்து நின்றது. அதற்கு மேல் நகர வேண்டிய தேவை இல்லை என்று தெரிந்ததும் கால் தானாகக் கீழே ஊன்றியது. தெருமுனையில் யாரோ விசிலடித்தார்கள். சோலி இல்லாமலே வந்திருந்த உதுமான் டீத்தம்ளரைத் தூக்கிக் காட்டினார்.

வேல்மயில் திரும்பினான். கதவு பச்சையாகத்தான் இருந்தது. அவள் முழு அளவில், மூக்குத்தியோடு, இடது தூணில் சாய்ந்து நின்றாள். சொம்பில் தண்ணீர் ததும்பியது. கொடுக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தாள்.

"யாரு கொண்டாந்து விட்டது உங்கள?"

"பாத்துக்கிட்டுத்தான இருந்த."

"பாத்தேன். உங்க வாயால சொல்லுங்க. அப்பத்தான் தண்ணி."

பின்னால் உட்கார்ந்து வந்தவன் காரியரை விட்டு இறங்கி, தேய்ந்துபோன செருப்பைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு, காதே கேட்காதவன் போல நின்றான். வேல்மயில் நாக்கை ஒரு தடவை நனைத்துக்கொண்டான்.

"சூசை" என்றான்.